பொஜொலே: பத்து யூரோவுக்குள் ஒரு நல்ல பிரெஞ்சு ரெட் ஒயின்

ரெட் ஒயின் பழகத் தொடங்கும் பலர், பெயர் கேள்விப்பட்ட ஒரே காரணத்துக்காகப் போர்தோ பகுதி ஒயினில் கை வைத்துவிடுகிறார்கள். ஐந்து யூரோ போர்தோ பல நேரம் வெறும் துவர்ப்பு. நாக்கும் ஈறும் வறண்டுபோக, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதே காசுக்குப் பக்கத்து அடுக்கிலேயே பொஜொலே இருந்திருக்கும். செர்ரி, ராஸ்பெர்ரி வாசனை, லேசான உடம்பு (வாயில் உணரும் கனம்), எச்சில் ஊறவைக்கும் புளிப்பு, துவர்ப்பு மிகக் குறைவு. புதிதாக வருபவருக்கு இதைவிட இணக்கமான பிரெஞ்சு ரெட் ஒயின் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் மற்ற ரெட் ஒயின்களுக்குச் சொல்லும் விதிகளில் பாதி இதற்குப் பொருந்தாது. பாதுகாத்து வைக்கத் தேவையில்லை. அறை வெப்பத்தில் ஊற்றக் கூடாது. பெரிய கிளாஸும் வேண்டாம். எந்த லேபிளை எடுப்பது, எந்த வருடத்தை எடுப்பது, எவ்வளவு குளிரவைப்பது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். மூன்றாவதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள்.

திராட்சையும் மண்ணும்

லியோன் நகரத்துக்கு வடக்கே, மாகோனுக்குத் தெற்கே, சோன் ஆற்றின் மேற்குப் பக்கம் நீளும் குன்றுத் தொடர்தான் பொஜொலே. வடக்குத் தெற்காகச் சுமார் 55 கிலோமீட்டர். வடபாதியில் இளஞ்சிவப்புக் கிரானைட் மண். தென்பாதியில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்திருக்கும். அந்தக் கல்லில் கட்டிய வீடுகள் மாலை வெயிலில் பொன்னிறமாகத் தெரிவதால் அந்தப் பக்கத்துக்குப் 'பொற்கற்கள்' என்றே பெயர். இந்த வடக்கு, தெற்கு வித்தியாசம் கடையில் நேரடியாக உதவும்: நல்ல பாட்டில்களில் பெரும்பங்கு வடக்கிலிருந்துதான் வருகிறது.

திராட்சையின் பெயர் கமே. தோல் கறுப்பு, சாறு வெள்ளை. பினோ என்னும் திராட்சைக் குடும்பத்துக்கும் குவே பிளான் என்ற பழைய வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது என்பது மரபணு ஆய்வில் தெரிந்த விஷயம். ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையும் அதே பெற்றோருக்குப் பிறந்ததுதான். வடக்கே அடுத்திருக்கும் பர்கண்டிப் பகுதியின் பிரபுவான துணிச்சல்கார பிலிப் 1395இல் இந்தக் கமேயைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது, ஆனால் தரமில்லை, பினோவின் இடத்தைப் பிடிக்கிறது என்பது குற்றச்சாட்டு. பர்கண்டியின் சுண்ணாம்பு மண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தெற்கே கிரானைட் மண்ணில் அதே கொடி வேறு முகம் காட்டியது. வளம் குறைந்த மண்ணில் விளைச்சல் அடங்கும், வாசனை கூடும்.

கொடிக்கு ஒரு பலவீனம் உண்டு: சீக்கிரமே மொட்டு விடும். 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க அடித்ததைப் போன்ற உறைபனி வந்தால் அந்த வருட விளைச்சல் சுருங்கிவிடும்.

பழ வாசனை எங்கிருந்து வருகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொஜொலேயின் சுவையில் திராட்சைக்கு எவ்வளவு பங்கோ, செய்முறைக்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு.

வழக்கமான ரெட் ஒயினில் பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து, நசுக்கி, தோலோடு சாற்றைப் புளிக்கவிடுவார்கள். பொஜொலேயில் கொத்தை முழுசாகக் கையால் பறித்து, உதிர்க்காமல், நசுக்காமல், அப்படியே தொட்டியில் போடுகிறார்கள். மேலே இருக்கும் கொத்துகளின் பாரத்தில் அடியில் உள்ள பழங்கள் மட்டும் நசுங்கும். அந்தச் சாறு ஈஸ்ட்டால் புளிக்கத் தொடங்கிக் கரியமில வாயுவை வெளியிடும். வாயு தொட்டி முழுக்க நிறைந்து காற்றை வெளியே தள்ளிவிடும். மேலே முழுசாக இருக்கும் பழங்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அப்போது தோல் கிழியாமலேயே, பழத்துக்குள் இருக்கும் நொதிகள் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கும். இப்படிக் கிடைக்கும் ஆல்கஹால் இரண்டு சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் அதற்குள் கடுமையான மாலிக் அமிலம் கொஞ்சம் குறைந்து, ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி போன்ற வாசனைப் பொருட்கள் உண்டாகிவிடும். தோலின் நிறம் உள்சதைக்கு இறங்கும். விதை நசுங்காததால் அதன் கசப்பும் துவர்ப்பும் வெளியே வராது.

சில நாள் கழித்துத் தொட்டியிலிருந்து பழத்தை எடுத்துப் பிழிவார்கள். பிழிந்து வரும் இனிப்பான, பாதி புளித்த ரோஜா நிறச் சாற்றை அந்த ஊர்க்காரர்கள் 'சொர்க்கம்' என்றே அழைக்கிறார்கள். அறுவடை நேரத்தில் போனால் ஒரு கிளாஸ் கேட்டுப் பார்க்கலாம். மீதிச் சர்க்கரை பிறகு ஈஸ்ட்டால் வழக்கம்போல் புளித்து முடியும்.

எத்தனை நாள் தொட்டியில் கிடக்கிறது என்பதுதான் பாட்டில்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம். நவம்பரில் வரும் இளம் ஒயினுக்கு நாலைந்து நாள். நல்ல கிராம ஒயினுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். நாள் கூடக் கூட நிறமும் துவர்ப்பும் ஆழமும் ஏறும். சில மலிவுப் பாட்டில்களில் வாழைப்பழம், பபிள்கம் வாசனை தூக்கலாக அடிப்பதற்குக் காரணம் இந்த முறையும் அதோடு சேர்க்கும் சில வகை ஈஸ்ட்டும்தான். கெட்டுப்போன அடையாளம் அல்ல. ஆனாலும் வாழைப்பழ வாசனை மட்டுமே அடித்தால், அது அவசரத்தில் செய்த ஒயின் என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: லேபிளில் மூன்று தட்டு

லேபிளில் திராட்சையின் பெயரைத் தேடாதீர்கள். 'கமே' என்று எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இடத்தின் பெயர்தான் முக்கியம்.

அடித்தட்டில் வெறும் 'பொஜொலே'. பெரும்பாலும் தெற்கிலிருந்து வரும். சூப்பர் மார்க்கெட்டில் நாலு முதல் ஏழு யூரோ. எளிமையானது, சில நேரம் தண்ணீராக இருக்கும்.

நடுத்தட்டில் 'பொஜொலே வில்லாஜ்'. வடக்கே குறிப்பிட்ட 38 கிராமங்களின் திராட்சையிலிருந்து மட்டுமே செய்ய வேண்டும். ஐந்து முதல் ஒன்பது யூரோ. புதியவர் கண்ணை மூடிக்கொண்டு இதில் தொடங்கலாம். அடித்தட்டைவிட ஒன்றிரண்டு யூரோதான் கூட. சுவையில் தெரியும் வித்தியாசமோ அந்தக் காசுக்கு மேல்.

மேல்தட்டில் பத்து 'க்ரூ' கிராமங்கள், அதாவது தன் சொந்தப் பெயரிலேயே ஒயின் விற்பவை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இந்தப் பாட்டில்களில் கிராமத்தின் பெயர் பெரிதாக இருக்கும். 'பொஜொலே' என்ற சொல் சின்ன எழுத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால் பத்துப் பெயரையும் செல்போனில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. வடக்கிலிருந்து தெற்காக: சேன்தமூர், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான், ஃப்ளூரி, ஷிரூப்ள், மோர்கோன், ரேன்யே, ப்ரூயி, கோத் த ப்ரூயி. விலை எட்டு முதல் பதினைந்து யூரோ. பேர்பெற்ற தோட்டக்காரர்கள் என்றால் அதற்கும் மேலே போகும்.

பத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொண்டால் போதும். ஃப்ளூரி, ஷிரூப்ள், ப்ரூயி, ரேன்யே ஆகியவை பெரும்பாலும் மென்மை. பூவும் சிவப்புப் பழமுமாக வாசனை வரும். மோர்கோன், மூலான்-ஆ-வான், ஜூலியேனா, ஷேனா ஆகியவை கனம். கறுப்புச் செர்ரி, லேசான மசாலா, துவர்ப்பும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மிச்ச இரண்டும் நடுவில். பத்தில் பரப்பளவில் பெரியது ப்ரூயி. அதனால் கடையில் எளிதில் கிடைப்பதும் அதுதான், தரம் ஏறி இறங்குவதும் அதில்தான். மூலான்-ஆ-வான் என்று ஒரு கிராமமே கிடையாது. ரொமனேஷ்-தோரான் பக்கத்தில் நிற்கும் பழைய காற்றாலையின் பெயர் அது. ரேன்யே கடைசியாக, 1988இல் சேர்ந்தது. மற்றவற்றின் அளவுக்குப் புகழ் சேராததால் விலை இன்னும் அடக்கம்.

பின்பக்கத்தில் அல்லது அடியில் இன்னொரு வரி இருக்கும். தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தது என்று பொருள்படும் 'மீ சான் பூத்தேய் ஓ தொமேன்' இருந்தால் திராட்சை வளர்த்தவரே ஒயினும் செய்திருக்கிறார். இல்லாவிட்டால் வியாபாரி பல தோட்டத்தில் வாங்கிக் கலந்திருக்கலாம். கலப்பு என்பதாலேயே மட்டமாகிவிடாது. ஆனால் ஒரே விலையில் இரண்டும் இருந்தால் முதல் வகையை எடுங்கள்.

'கோத்தோ பூர்கிஞ்ஞோன்' என்று ஒரு பாட்டிலும் அதே அடுக்கில் நிற்கும். 2011இல் வந்த பிரிவு. பர்கண்டி, பொஜொலே இரண்டு பகுதித் திராட்சையும் இதில் போகலாம். பல நேரம் உள்ளே இருப்பது கமேதான். பர்கண்டி பெயரின் மயக்கத்தில் வில்லாஜைவிடக் கூட விலை கொடுக்காதீர்கள்.

படி 2: வருடம்

பொஜொலேயை வாங்குவது குடிக்கத்தான், வைத்திருக்க அல்ல. வெறும் பொஜொலே என்றால் ஒன்றிரண்டு வருடம். வில்லாஜ் என்றால் இரண்டு மூன்று வருடம். மென்மையான க்ரூ நாலு வருடம் வரை தாங்கும். நல்ல தோட்டத்து மோர்கோனும் மூலான்-ஆ-வானும் பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். முதிர்ந்தபின் பினோ நுவாரை நினைவுபடுத்தும். தள்ளுபடிக் கூடையில் ஐந்து வருடப் பழைய வில்லாஜைப் பார்த்தால் "பழசு, அதனால் உசத்தி" என்று எடுத்துவிடக் கூடாது. பழ வாசனை வடிந்து, புளிப்பு மட்டும் மிச்சம் இருக்கும்.

2018, 2020, 2022 போன்ற சூடான வருடங்களில் ஒயின் கனமாகவும் ஆல்கஹால் கூடுதலாகவும் இருக்கும். 14 சதவீதத்தைத் தொட்ட பாட்டில்களும் உண்டு. 2021 போன்ற குளிர்ந்த வருடத்தில் லேசாக, புளிப்பு முன்னால் நிற்கும். லேசான பொஜொலேதான் வேண்டும் என்றால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 12 முதல் 13 சதவீதம் பாதுகாப்பான எல்லை.

நூவோவைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவடை முடிந்து சில வாரத்திலேயே, நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் இளம் ஒயின் அது. மற்ற ஒயின்களுக்கு முன்னாலேயே விற்கும் அனுமதி 1951இல் கிடைத்தது. மூன்றாவது வியாழன் என்பது 1985 முதல். அந்த வாரம் பிரான்சின் மதுக்கடைகளில் கொண்டாட்டம்தான். போய்க் குடித்துப் பாருங்கள். ஆனால் அதை வைத்து பொஜொலே முழுவதையும் எடைபோடாதீர்கள். வாங்கினால் குளிர்காலத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஏப்ரலுக்கு மேல் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

படி 3: கடையில் பார்க்க வேண்டியது

கார்க் பாட்டில் வாய்க்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறதா, மேலுறையின் ஓரத்தில் ஒட்டும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் பாட்டில் சூட்டில் கிடந்ததன் அடையாளம். ஜன்னலோரத்திலோ விளக்குக்கு நேர் கீழேயோ நிற்கும் பாட்டிலைவிட அடுக்கின் உள்பக்கம் இருப்பதை எடுங்கள். திருகுமூடி போட்டிருந்தால் தயங்க வேண்டாம். இளமையிலேயே குடிக்கும் ஒயினுக்கு அது கார்க்கைவிட நல்லது.

படி 4: குளிரவைத்தல்

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற வழக்கு, ஹீட்டர் வராத காலத்து ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. அந்த அறைகளில் 16 அல்லது 17 டிகிரிதான் இருந்திருக்கும். இன்றைய 22 டிகிரி வீட்டில் அப்படியே ஊற்றினால் பொஜொலே தொய்ந்துபோகும். ஆல்கஹால் மூக்கில் முதலில் ஏறும், பழ வாசனை பின்னால் போகும், புளிப்பின் துடிப்பு மங்கிவிடும். இதே ஒயின் 13 டிகிரியில் துள்ளும். துவர்ப்பு அதிகமுள்ள ஒயினைக் குளிரவைத்தால் கசப்பு கூடும். கமேயில் துவர்ப்பு குறைவு என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

நூவோவும் வெறும் பொஜொலேயும் 11 அல்லது 12 டிகிரி. வில்லாஜும் மென்மையான க்ரூவும் 13 அல்லது 14. மோர்கோன், மூலான்-ஆ-வான் 15 அல்லது 16.

வெப்பமானி இல்லாவிட்டால் கணக்கு இப்படி. வீடு 22 டிகிரி என்றால் குடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோடையில் வீடு 30 டிகிரிக்குப் போனால் இரண்டு மணி நேரம். அவசரம் என்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போட்டுப் பாட்டிலைக் கழுத்துவரை இறக்குங்கள். கால் மணி நேரம் போதும். ஐஸ் மட்டும் கொட்டினால் நேரம் கூடும், ஏனென்றால் கட்டிகளுக்கு நடுவே காற்றுதான் இருக்கும். தண்ணீர்தான் கண்ணாடியோடு ஒட்டி வெப்பத்தை இழுக்கும். ஃப்ரீசரில் வைப்பவர்கள் மறக்காமல் செல்போனில் அலாரம் வையுங்கள். உறைந்து விரிந்தால் கார்க் வெளியே வரும், அல்லது பாட்டிலே விரிசல் விடும்.

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்துவிட்டதா? கெட்டுப்போகாது. குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்திருந்தால் கிளாஸைக் கையால் பொத்திச் சூடேற்றிக்கொள்ளலாம். சூடாக ஊற்றிய ஒயினுக்கு மேசையில் வைத்தியம் இல்லை. அதனால் தவறுவதாக இருந்தால் குளிர்ச்சிப் பக்கம் தவறுங்கள்.

படி 5: திறந்து ஊற்றுவது

மடக்கும் வகைக் கார்க் திருகி போதும். மேலுறையைப் பாட்டில் வாயின் கீழ்விளிம்புக்கு அடியில் வெட்டுங்கள். மேலே வெட்டினால் ஊற்றும்போது ஒயின் உலோகத்தில் பட்டு ஒழுகும். திருகின் முனையைக் கார்க்கின் நடுவில் வைத்துச் செங்குத்தாக இறக்குங்கள். கடைசி ஒரு சுற்று வெளியே தெரியும்போது நிறுத்த வேண்டும். முழுக்க இறக்கினால் கார்க்கின் அடிப்பக்கம் துளைபட்டுத் துணுக்குகள் ஒயினில் விழும். அப்படி விழுந்தால் தேநீர் வடிகட்டியில் வடிகட்டிக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது.

நடுத்தர அளவில், வாய் கொஞ்சம் குறுகிய கிளாஸ் நல்லது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒருமுறைக்கு 125 மில்லி என்றால் 75 சென்டிலிட்டர் பாட்டிலில் ஆறு பேருக்கு வரும். 13 சதவீத ஒயினில் அந்த 125 மில்லிக்குள் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. லேசாக இறங்குவதால் இதன் கணக்கு எளிதில் தப்பும். பிரான்சில் வண்டி ஓட்டுபவருக்கு எல்லை லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 0.2தான்.

படி 6: முகர்வதும் கோளாறு கண்டுபிடிப்பதும்

கிளாஸைச் சுழற்றி முகருங்கள். சிவப்புப் பழம், சில நேரம் வயலட் பூ, கொஞ்சம் மிளகு. வாயில் முதலில் பழம், பிறகு புளிப்பு, கடைசியில் ஈறில் மிக லேசான பிடிப்பு. இந்த வரிசையில் வந்தால் பாட்டில் நன்றாக இருக்கிறது.

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரப் பரண் போன்ற வாசனை வந்து பழமே தெரியவில்லை என்றால் கார்க் கெட்டிருக்கிறது. காற்றாடவிட்டாலும் போகாது, ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். அவித்த முட்டை வாசனை வேறு விஷயம். காற்றுப் படாமல் செய்த ஒயினில் அது சகஜம். ஜாடியில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் கலைந்துவிடும். இளம் பாட்டிலில் நாக்கில் ஊசி குத்துவதுபோல் வாயு இருந்தால், அதே ஜாடியை நன்றாகக் குலுக்குங்கள். நகப்பூச்சு அல்லது காடி வாசனை தூக்கலாக இருந்தால் ஒயின் புளித்துக் கெடும் வழியில் இருக்கிறது. வேகவைத்த ஜாம் வாசனையும் தட்டையான சுவையும் சூட்டில் கிடந்ததன் விளைவு.

கலங்கலும் அடி வண்டலும் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், வடிகட்டாத ஒயினாக இருக்கும். இயற்கை ஒயின் என்ற இயக்கமே பெரிய அளவில் இந்தப் பகுதியில்தான் வேர்விட்டது. வியாபாரியும் வேதியியல் அறிஞருமான ஜூல் ஷோவே காட்டிய வழியில், மோர்கோனில் மார்செல் லாபியேர் போன்றவர்கள் மருந்தும் கந்தகமும் குறைத்துச் செய்து காட்டினார்கள். அப்படிப்பட்ட பாட்டிலை 14 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைத்து, வாங்கிய வேகத்தில் குடித்துவிடுங்கள்.

படி 7: எதோடு சாப்பிடுவது

இந்த ஒயினின் தாய்மேசை லியோன். அந்த ஊரின் 'பூஷோன்' என்னும் எளிய சாப்பாட்டுக் கடைகளில், அடி கனத்த 46 சென்டிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் பொஜொலே வந்து நிற்கும். பக்கத்தில் ரோசெத் எனும் உலர்ந்த பன்றிக்கறி சாசேஜைத் துண்டு போட்டு வைப்பார்கள். கொழுப்பும் உப்பும் நாக்கில் படியும். கமேயின் புளிப்பு அதைத் துடைத்துவிடும். அடுத்த துண்டுக்கு வாய் மறுபடி தயாராகும். இந்த ஒரு கணக்கு புரிந்தால் மற்றவற்றை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கொழுப்பு, உப்பு, மிதமான சுவை இருக்கும் இடத்தில் பொஜொலே பொருந்தும்.

வில்லாஜுக்கு வறுத்த கோழி, பன்றி ரியேத் (கொழுப்பில் வேகவைத்துப் பிசைந்த இறைச்சி), பேக்கனும் அரைவேக்காட்டு முட்டையும் போட்ட லியோன் சாலட், காளான் ஆம்லெட், உருளைக்கிழங்கு கிராத்தேன். சாலட்டில் வினிகரை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்; அதன் புளிப்பு ஒயினைச் சப்பென்று ஆக்கிவிடும். பாலாடைக்கட்டியில் சேன் மார்செலேன், கமம்பேர், இளம் ஆட்டுப்பால் கட்டி. ரோக்ஃபோர் வேண்டாம், அதன் நீலப் பூஞ்சைக் காரம் பழத்தை அமுக்கிவிடும்.

மீனுக்கு ரெட் ஒயின் ஆகாது என்பார்கள். துவர்ப்பும் இரும்புச்சத்தும் கூடுதலான ஒயின் மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவை வரும் என்பது உண்மை. ஆனால் வாட்டிய சால்மனுக்கும் சூரைக்கும் குளிர்ந்த ஃப்ளூரி ஒத்துப்போகும். மத்திக்கு வேண்டாம், எண்ணெய் அதிகம்.

மோர்கோன், மூலான்-ஆ-வான், ஜூலியேனா இருந்தால் கனமான பக்கம் போகலாம். ஒயினில் வேகவைத்த சேவல், மாட்டிறைச்சிக் குழம்பு, வாத்து. கருகக் கருகச் சுட்ட தடித்த மாட்டுக்கறித் துண்டுக்கு மட்டும் கமேயின் உடம்பு போதாது. அங்கே ரோன் பள்ளத்தாக்கு ஒயின் எடுங்கள்.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பெலில் மசாலா வாங்கிவந்து சமைக்கும் வீடுகளுக்கும் இது உதவும். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூண்டிவிடும், துவர்ப்பு அதைக் கசப்பாக்கும். இரண்டும் குறைந்த ஒயின் என்பதால் 12.5 சதவீதத்துக்குள் இருக்கும் பொஜொலேயை 11 டிகிரிக்குக் குளிரவைத்தால், கோழி மிளகு வறுவலுக்கும் காரம் அடக்கிய பிரியாணிக்கும் பக்கத்தில் உட்காரும். புளிக்குழம்பும் ரசமும் உள்ள இலையில் எந்த ரெட் ஒயினும் தோற்றுவிடும். அதற்குத் தண்ணீரே சிறந்தது.

மிச்சம் இருந்தால்

மூடி போட்டு ஃப்ரிட்ஜில் நிற்க வையுங்கள். மறுநாள் நன்றாகவே இருக்கும், மூன்றாம் நாள் வாசனை இறங்கும். பாதிக்கும் கீழே இருந்தால் சின்னப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடினால் இன்னும் ஒரு நாள் தாங்கும்.

அதற்கும் மேல் போனால் அடுப்புக்கு அனுப்பலாம். பிரெஞ்சுக் கடையில் 'வேகவைக்கும் சோசிசோன்' என்று பச்சையாக விற்கும் பெரிய சாசேஜ் ஒன்று, சுமார் 400 கிராம். பெரிய வெங்காயம் இரண்டை மெல்லிசாக நறுக்கி வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். சாசேஜை மேலே வைத்து, அரை லிட்டர் ஒயினும் ஒரு கொத்துத் தைம் மூலிகையும் சேர்த்து மூடி, சிறு தீயில் 40 நிமிடம். நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் தோல் வெடித்துக் கொழுப்பு முழுக்கக் குழம்பில் இறங்கிவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். சாசேஜை வெளியே எடுத்தபின் தீயைக் கூட்டிச் சாற்றைப் பாதியாக வற்றவையுங்கள். இறக்கியதும் 20 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டுக் கலக்கினால் பளபளப்பு வரும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், சாசேஜிலேயே நிறைய இருக்கும். அவித்த உருளைக்கிழங்கோடு, புதிதாகத் திறந்த ஒரு வில்லாஜோடு சாப்பிட வேண்டியதுதான்.